சுங்கச் சாவடியும் சிங்காதனமும்

ஜெர்மானிய மக்கள் ஒரே நாட்டினராக ஆனது எவ்வாறு என்று வினவினால், மாணவர்களுள் பெரும்பாலோர் பிஸ்மார்க் என்னும் ஒரு பெயரைச் சொல்லி விடையை முடித்துவிடுவர். 1864-இல் டென்மார்க்கோடு ஒரு போர், 1866-இல் ஆஸ்திரியாவோடு ஒரு போர், 1870-இல் பிரான்சோடு ஒரு போர். பின்னர் 1871 ஜனவரி 18 அன்று வெர்சேல்ஸ் மாளிகையில் பிரஷ்ய மன்னர் ஜெர்மானியப் பேரரசர் என அறிவிக்கப்பட்டார். இவ்விடை பிழையுடையதன்று, ஆனால் பாதி விடை. வாளேந்திய வீரர்கள் வருவதற்கு ஏறக்குறைய நாற்பது ஆண்டுகளுக்கு முன்பே, கணக்குப் புத்தகமேந்திய அதிகாரிகள் சிலர் அந்நாட்டைத் தைக்கத் தொடங்கிவிட்டனர். அந்த மறுபாதியையும், நம் பாரத நாட்டில் அதற்கு நிகராக நடந்தேறிய செய்தியையும் இன்று உங்களோடு பேச விழைகின்றேன்.

நெப்போலியன் வீழ்ந்தபின், 1815-இல் ஜெர்மனி என்பது 39 அரசுகள் சேர்ந்த ஒரு தளர்ந்த கூட்டமைப்பு. மொழி ஒன்று, ஆனால் சுங்கம் பல. வடகடலில் இறங்கிய ஒரு சரக்கு ஆல்ப்ஸ் மலையடிவாரம் சேர்வதற்குள் எத்தனையோ எல்லைகளைக் கடக்க வேண்டும்; ஒவ்வோர் எல்லையிலும் வண்டி நிற்கும், மூட்டை அவிழும், காசு கைமாறும். பிரஷ்ய இராஜ்யத்தின் உள்ளேயே அறுபதுக்கும் மேற்பட்ட வரிப்பட்டியல்கள் வழங்கின என்றால் வேறென்ன சொல்வது? 1818-இல் பிரஷ்யா முதலில் தன் வீட்டைச் சீர்செய்தது. உள்நாட்டுச் சாவடிகளை நீக்கி, புறவெல்லையில் மட்டும் ஒரே வரியை வைத்தது. அடுத்து அண்டை அரசுகளை ஒவ்வொன்றாக அழைத்தது. 1834 ஜனவரி முதல் நாள் 18 அரசுகளும், ஏறத்தாழ 2 கோடியே 30 லட்சம் மக்களும் அடங்கிய சுங்க ஒன்றியம் பிறந்தது. அன்று நள்ளிரவில் எல்லைத் தடைகளின் முன் காத்திருந்த சரக்கு வண்டிகள், மணியடித்ததும் ஆரவாரத்தோடு கடந்து சென்றனவாம். ஜெர்மானிய வரலாற்றாசிரியர்கள் விரும்பி வருணிக்கும் காட்சி அது.

சிற்றரசர்கள் இதற்கு எங்ஙனம் இசைந்தனர் என்பதே இங்கு ஆராயத்தக்கது. சுங்கம் என்பது ஓர் அரசனுக்கு வருவாய் மட்டுமன்று. அவன் அரசன் என்பதற்கு அடையாளமுமாகும். அதை விட்டுக்கொடு என்றால் எளிதில் விடுவானா? பிரஷ்யா அளித்த விடை, ஈடு. வசூலாகும் சுங்கப்பணம் மக்கள்தொகை விகிதப்படி பங்கிடப்படும். ஒன்றியத்தின் மாநாட்டில் ஒருவர் மறுத்தாலும் தீர்மானம் நிறைவேறாது. மிகச் சிறிய அரசுக்கும் அந்த மறுப்புரிமை உண்டு. தனியே சாவடி வைத்து, காவலருக்குச் சம்பளம் கொடுத்து, கள்ளக்கடத்தலோடு போராடி ஈட்டியதைக் காட்டிலும், பங்காக வந்த பணம் பல சிற்றரசுகளுக்கு மிகுதியாகவே இருந்தது. இலட்சியத்திற்காகச் சேர்ந்தவர்கள் சிலர். இலாபத்திற்காகச் சேர்ந்தவர்களே பலர். அதனை இழிவென்று நான் கருதவில்லை.

ஆனால் சுங்கம் ஒன்றானால் உள்ளமும் ஒன்றாகிவிடும் என்று எண்ணிவிடலாகாது. 1866-இல் பிரஷ்யாவுக்கும் ஆஸ்திரியாவுக்கும் போர் மூண்டபோது, பவேரியா, சாக்சனி, ஹனோவர் முதலிய சுங்க ஒன்றிய உறுப்பினர்கள் பிரஷ்யாவை எதிர்த்து நின்றனர்! போர்க்களத்தில் ஒருவரையொருவர் சுட்டுக்கொண்டிருந்த அதே வாரங்களில், ஒன்றியத்தின் சுங்கவசூல் தடையின்றி நடந்துகொண்டிருந்தது. வாணிகம் அவர்களைப் பிரியாமல் வைத்திருந்ததேயன்றி, ஒன்றாக்கிவிடவில்லை. அதற்கு அரசியல் வேண்டியிருந்தது. அந்த அரசியலிலும் ஈடு மறைந்து நின்றது. பவேரிய மன்னர் இரண்டாம் லூட்விக், பிரஷ்ய மன்னருக்குப் பேரரசுப் பட்டத்தை அளிக்க முன்வந்து கடிதம் எழுதினார் அல்லவா? அதற்குக் கைம்மாறாக, ஹனோவர் மன்னரிடமிருந்து பறிமுதல் செய்த நிதியிலிருந்து அவருக்கு இரகசியமாகப் பணம் சென்றது. ஹாம்பர்க் துறைமுக நகரமோ பேரரசு அமைந்த பின்னும் சுங்க எல்லைக்கு வெளியே நின்று, 1888-இல்தான் உள்ளே வந்தது. தீர்வையற்ற துறைமுகம் கட்ட 4 கோடி மார்க்கு உதவி பெற்ற பிறகே வந்தது.

இனி நம் நாட்டிற்கு வருவோம். சுங்கத்தை நீக்குவது தமிழருக்குப் புதிய செய்தியன்று. முதற் குலோத்துங்கனுக்குச் ‘சுங்கந் தவிர்த்த சோழன்’ என்னும் பெயர் வழங்கியதை நீங்கள் படித்திருப்பீர்கள். ஆங்கிலேயர் ஆண்ட சென்னை மாகாணத்தில் உள்நாட்டுச் சுங்கம் 1844-இல் ஒழிந்தது. ஆனால் மாகாணத்தைச் சூழ்ந்தும் ஊடுருவியும் சுதேச சமஸ்தானங்கள் கிடந்தன. இந்தியா முழுவதிலும் அவை 560-க்கும் மேல். அவற்றுள் பெரியவை தமக்கெனச் சுங்கமும், நாணயமும், அஞ்சலும் வைத்திருந்தன. திருவாங்கூரில் 28 சக்கரம் சேர்ந்தால் ஒரு திருவாங்கூர் ரூபாய். ஆங்கில ரூபாய்க்கோ 28½ சக்கரம் கொடுக்க வேண்டும். ஐதராபாத்தின் ஹாலி சிக்கா 7 ரூபாய், இந்திய ரூபாய் 6-க்கு ஈடாயிற்று. அந்த அரைச் சக்கரத்திலும் ஒரு ரூபாயிலும் வட்டிக்கடைக்காரர்கள் எவ்வளவு ஈட்டியிருப்பார்கள் என்பதைக் கணக்கு மாணவர்கள் எண்ணிப் பார்க்கலாம்.

ஜெர்மானியச் சுங்க ஒன்றியத்தை ஒத்த ஒரு முயற்சி நம் அண்டையிலேயே 1865-இல் நடந்தது. கும்பகோணத்தில் பிறந்து திருவாங்கூர்த் திவானாக விளங்கிய சர் தி. மாதவராவ் காலத்தில், திருவாங்கூர், கொச்சி, ஆங்கில இந்தியா ஆகிய மூன்றும் ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டன. தம்முள் நடக்கும் வாணிகத்திற்குச் சுங்கம் இல்லை. வெளிநாட்டுச் சரக்குக்கு மட்டும் ஒரே வரி. சமஸ்தானங்கள் இழந்த வருவாயில் ஒரு பகுதியை ஆங்கில அரசு ஈடுசெய்தது. புதுக்கோட்டையிலும் இத்தகைய ஏற்பாடு ஒன்று உண்டு. 1880-களில் அந்த சமஸ்தானத்தில் மண்ணுப்புக் காய்ச்சுவது நிறுத்தப்பட்டது. ஆங்கில அரசின் உப்பு ஏகபோகத்திற்கு அது இடையூறாயிற்று. அதற்கு ஈடாகத் தர்பாருக்கு ஆண்டுதோறும் 38,000 ரூபாய் வந்தது. உப்புக் காய்ச்சிப் பிழைத்தவர்களுக்கும் இங்கே இழப்பு உண்டு. ஆனால் ஒப்பந்தப் பணம் சேர்ந்தது தர்பாருக்கே. இந்த வேறுபாட்டை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஈடு இல்லாத இடத்தில் நேர்ந்தது என்ன என்பதற்குக் கத்தியவாரின் வீரம்காம் சாவடி ஒரு சான்று. அங்கே பயணிகள் படும் துன்பத்தை 1915-இல் கேட்டறிந்த காந்தியடிகள், ஆட்சியாளரிடம் விடாது முறையிட்டார். 1917-இல் சாவடி எடுக்கப்பட்டது. ஆனால் கத்தியவார் மன்னர்களின் துறைமுகங்கள் வாணிகத்தைத் தம்பக்கம் இழுத்துக்கொள்கின்றன என்று கண்ட அரசு, 1927-இல் அதை மீண்டும் நிறுவியது.

1947 வந்தது. ஜெர்மனியில் சுங்கம் முன்னும் சிங்காதனம் பின்னுமாக வந்தது. இந்தியாவில் அவ்வரிசை தலைகீழாயிற்று. நாற்பது ஆண்டு காத்திருக்க இங்கே நேரமில்லை. ஜூலை 5-ஆம் நாள் தொடங்கப்பெற்ற சமஸ்தான இலாகாவில் சர்தார் வல்லபபாய் படேலும், அவருடைய செயலாளர் வி. பி. மேனனும் மன்னர்களிடம் கேட்டவை மூன்றே: பாதுகாப்பு, வெளிநாட்டு உறவு, போக்குவரத்துத் தொடர்பு. உங்கள் வருவாயில் கை வைக்கமாட்டோம் என்ற உறுதியும் உடன் தரப்பட்டது. தனிநாடாவோம் என்று 1947 ஜூனில் அறிவித்த திருவாங்கூரும், திவான் சர் சி. பி. இராமசாமி ஐயர் ஜூலையில் தாக்கப்பட்டபின், அம்மாத இறுதியில் இணங்கியது. அடுத்த ஈராண்டுகளில் இணைப்பு முழுமையாயிற்று. 1948 மார்ச் 3-ஆம் நாள் புதுக்கோட்டை சென்னை மாகாணத்தோடு சேர்ந்து, திருச்சி மாவட்டத்தின் ஒரு பகுதியாயிற்று. தனி மாவட்டமாக அது மீண்டும் தலைநிமிர்ந்தது 1974-இல்.

மன்னர்களுக்கு ஈடாக மானியம் அளிக்கப்பட்டது. பவேரிய மன்னருக்குப் போன பணம் போல இது மறைவில் நடக்கவில்லை. அரசியல் சட்டத்தின் 291-ஆம் விதியில் பட்டவர்த்தனமாக எழுதப்பட்டது. 1971-இல் 26-ஆவது திருத்தம் அதை ஒழித்தது. கொடுத்த வாக்கை மீறலாமா என்று அன்று எழுந்த வாதம் எளிதில் தள்ளத்தக்கதன்று. ஆயினும் மக்களாட்சியில் பிறப்பால் வரும் மானியம் நெடுநாள் நிலைக்காது என்பதே என் கருத்து.

படேலைப் பிஸ்மார்க்கோடு ஒப்பிடுவது மேடைப்பேச்சாளர்க்கு வழக்கம். பிஸ்மார்க் மூன்று போர் நடத்தினார், படேலோ பேசியே முடித்தார் என்பர். இதில் பெரும்பகுதி உண்மை, முழுவதும் உண்மையன்று. 1948 செப்டம்பர் 13-ஆம் நாள் இந்தியப் படை ஐதராபாத்தில் நுழைந்தது. ஐந்தே நாளில் நிஜாமின் படை பணிந்தது. அதைத் தொடர்ந்த வன்செயல்களில் பல்லாயிரம் பேர் மாண்டனர் என்று இந்திய அரசே அனுப்பிய குழு மதிப்பிட்டது. ஒற்றுமையின் வரலாற்றைப் படிப்போர் இந்த ஏட்டைக் கிழித்துவிட்டுப் படிக்கக் கூடாது.

கொடி ஒன்றாயிற்று, பெட்டி ஒன்றாக வேண்டாமா? அக்கடினமான பணி கரூரை அடுத்த வாங்கலைச் சேர்ந்த வி. டி. கிருஷ்ணமாச்சாரியின் தலைமையில் அமைந்த குழுவிடம் வந்தது. அவர் பரோடாவில் பல்லாண்டு திவானாக இருந்தவர். சமஸ்தானக் கணக்குகளின் உள்ளும் புறமும் அறிந்தவர். 1950 ஏப்ரல் முதல் நாள் நாடெங்கும் வருமானவரியும் புறவெல்லைச் சுங்கமும் மத்திய அரசின் கீழ் வந்தன. சமஸ்தானப் பகுதிகளுக்கு ஏற்படும் வருவாய்க் குறையை, பத்தாண்டுக்கு மேற்படாத காலத்துக்கு மத்திய அரசு ஈடுசெய்ய 278-ஆம் விதி இடமளித்தது. 301-ஆம் விதி நாடு முழுவதும் வாணிகம் தடையற்றது என்று முழங்கியது. உடனே 306-ஆம் விதி, சில முன்னாள் சமஸ்தானங்கள் பத்தாண்டு வரை தம் உள்நாட்டுச் சுங்கத்தை வைத்துக்கொள்ளலாம் என்று மெல்லிய குரலில் விலக்களித்தது. கொள்கை உரத்தும் சலுகை மெல்லவும் பேசுவதே நல்ல ஒப்பந்தத்தின் இயல்பு. 1956-இல் இவ்விரு சலுகை விதிகளும் நீக்கப்பட்டன.

இந்த வரிசையையும் மாற்றிப் பார்த்தவர்கள் மீண்டும் ஜெர்மானியரே. இரண்டாம் உலகப் போருக்குப்பின் இரண்டாகப் பிரிந்த அந்நாடு, 1990 ஜூலை முதல் நாள் நாணயத்தையும், அக்டோபர் 3-ஆம் நாள் அரசையும் ஒன்றாக்கியது. கிழக்கத்திய மார்க்கு வலுவற்றது. எனினும் கூலியும் சம்பளமும் ஒன்றுக்கு ஒன்று என்ற கணக்கில் மேற்கத்திய மார்க்காக மாற்றப்பட்டன. மக்கள் மகிழ்ந்தனர். ஆனால் அக்கூலியைக் கொடுத்து மேற்கத்தியச் சரக்கோடு போட்டியிடக் கிழக்கத்திய ஆலைகளால் இயலவில்லை. பல ஆலைகள் மூடப்பட்டன. இலட்சக்கணக்கானோர் வேலை இழந்தனர். அவ்விழப்பிற்கு ஈடு தேடி 1991-இல் ஒருமைப்பாட்டு வரி என்னும் மிகுவரி விதிக்கப்பட்டது. பெரும்பாலோர்க்கு அது 2021-இல்தான் நீங்கியது. அதன் பின்னும் செல்வர்கள் செலுத்தி வந்தனர்.

நம் நாட்டில் சாவடியின் கதை 1956-இல் முடிந்துவிடவில்லை. சமஸ்தானச் சுங்கம் போயிற்று. மாநில விற்பனைவரிச் சோதனைச் சாவடி நின்றது. கோயம்புத்தூருக்கும் பாலக்காட்டிற்கும் இடையே வாளையாற்றில் லாரிகள் மணிக்கணக்கில் வரிசையாய் நின்ற காட்சியை உங்கள் தந்தையர் கண்டிருப்பர். 2017 ஜூலை முதல் நாள் சரக்கு மற்றும் சேவை வரி வந்ததும் அச்சாவடிகள் எடுக்கப்பட்டன. இங்கும் அதே பழைய வினா எழுந்தது: இழப்பவர்க்கு ஈடு என்ன? புதிய வரி, சரக்கு நுகரப்படும் மாநிலத்தைச் சேரும். உற்பத்தி செய்யும் மாநிலத்தைச் சேராது. ஆகவே ஆலைகள் மிகுந்த தமிழ்நாடு அஞ்சியது. 2016-இல் மாநிலங்களவையில் இதற்கான திருத்தம் வாக்கெடுப்புக்கு வந்தபோது, இங்கு அன்று ஆண்ட கட்சியின் உறுப்பினர்கள் வெளிநடப்புச் செய்தனர். 2015-16 வருவாயை அடிப்படையாக்கி, ஆண்டுக்கு 14 சதவீத வளர்ச்சிக்குக் குறையும் தொகையை ஐந்தாண்டுகள் ஈடுசெய்வதாக மத்திய அரசு வாக்களித்தது.

1834-ஆம் ஆண்டு ஒன்றியத்தோடு இதனை ஒப்பிட்டால் ஒரு வேறுபாடு புலனாகும். அங்கே சிற்றரசு ஒவ்வொன்றுக்கும் மறுப்புரிமை இருந்தது. இங்கோ, வரி மன்றத்தில் மத்திய அரசின் வாக்குக்கு மூன்றில் ஒரு பங்கு எடை. எல்லா மாநிலங்களுக்கும் சேர்த்து மூன்றில் இரு பங்கு. தீர்மானத்திற்கு நான்கில் மூன்று பங்கு வேண்டும். எனவே மத்திய அரசு தனித்துத் தடுக்கலாம். தனி மாநிலம் எதனாலும் தடுக்க இயலாது. கோவாவுக்கு உள்ள வாக்கின் எடையே தமிழ்நாட்டின் வாக்குக்கும். 2020-இல் கொள்ளைநோயால் வருவாய் சரிந்தபோது, ஈட்டுத்தொகைக்குரிய கடனை யார் வாங்குவது என்று பெரும் பிணக்கு மூண்டு, முடிவில் மத்திய அரசே மாநிலங்களுக்காகக் கடன் வாங்கியது. 2022 ஜூன் 30-ஆம் நாளோடு ஈட்டுக்காலம் முடிவுற்றது. நீட்டிக்கக் கோரிய மாநிலங்களின் வேண்டுகோள் ஏற்கப்படவில்லை.

எங்கள் வெம்பாக்கம், ஆரணி வட்டாரத்துப் பட்டுச்சேலையில் இந்த வரலாறு முழுவதையும் தொட்டுப் பார்க்கலாம். பாவுக்கும் ஊடைக்குமான பட்டு, பெரும்பாலும் முன்னாள் மைசூர் சமஸ்தானத்துச் சீமையிலிருந்து வருகிறது. சரிகை சூரத்திலிருந்து வருகிறது. சேலை நாடெங்கும் போகிறது. இன்று வழியில் எந்தச் சாவடியிலும் மூட்டை அவிழ்வதில்லை. வாணிகருக்கு அது பெரும் நன்மை. அதே 2017-இல் கைத்தறிப் பட்டுச்சேலைக்கும் 5 சதவீத வரி வந்தது. மாநில அரசின் இழப்புக்கு ஈட்டுக்கணக்கு ஒன்று ஐந்தாண்டு இருந்தது. வரியின் சுமையில் ஒரு பங்கு தம் கூலியில் இறங்குவதாக முறையிடும் தறிகாரருக்கு, மண்ணுப்புக் காய்ச்சிய புதுக்கோட்டைக்காரரைப் போலவே, அந்தக் கணக்கில் பத்தி ஏதும் இல்லை.