பள்ளிக்கு ஆன்லைன் கற்றல் தளமா? 'அன்லிமிடெட்' ஹோஸ்டிங் வாங்கும் முன் இதைப் பாருங்க!

மாதம் நூறு ரூபாய்க்கும் குறைவாக 'அன்லிமிடெட் ஹோஸ்டிங்'. இப்படி ஒரு விளம்பரம் உங்கள் மொபைலிலும் வந்திருக்கும். பள்ளிக்கென ஆன்லைன் கற்றல் தளம் தொடங்க நினைப்பவர்கள் முதலில் போய் விழுவது இதில்தான். தளமும் நன்றாகத்தான் ஓடும். தேர்வு அன்று காலை 10 மணிக்கு எல்லா பிள்ளைகளும் ஒன்றாக லாகின் செய்யும்போதுதான் படுத்துக்கொள்ளும். ஏன் இப்படி?

முதலில், ஹோஸ்டிங் தேவைதானா?

தளத்தின் ஃபைல்களை வைத்திருந்து 24 மணி நேரமும் எடுத்துக் கொடுக்கும் கணினிதான் சர்வர். அதில் வாடகைக்கு இடம் பிடிப்பதே ஹோஸ்டிங். பாடக்குறிப்பு பகிர்வது, வீட்டுப்பாடம் வாங்குவது மட்டும்தான் வேலை என்றால் அந்த வாடகையே வேண்டாம். கூகுள் வொர்க்ஸ்பேஸ் ஃபார் எஜுகேஷனின் அடிப்படைத் திட்டம் தகுதியுள்ள பள்ளிகளுக்கு இலவசம். கிளாஸ்ரூமும் அதிலேயே வரும். முழு பள்ளிக்கும் சேர்த்து 100 டிபி இடம் கிடைக்கும்.

சொந்த வினாடி வினா, பாடவாரியான மதிப்பெண் பதிவு, பள்ளியின் பெயரில் தளம் என்று போனால் பலரும் எடுப்பது மூடில். ஆஸ்திரேலியாவின் மார்ட்டின் டூகியாமஸ் உருவாக்கி, 2002-ல் முதல் பதிப்பு வெளியான மென்பொருள் இது. மென்பொருள் இலவசம், சர்வர் இலவசம் இல்லை.

சிக்கல் ரேமில்தான்

1 ஜிபி ரேமுக்கு ஒரே நேரத்தில் 10 முதல் 20 பேர். இதுதான் மூடில் தரப்பு சொல்லும் தோராயக் கணக்கு. 300 மாணவர்கள் ஒன்றாகத் தேர்வு எழுதினால் 15 முதல் 30 ஜிபி வரை தேவைப்படும். அதையே வகுப்புக்கு 40 பேராகப் பிரித்து நேரம் ஒதுக்கினால் 4 ஜிபி போதும். டைம்டேபிளை மாற்ற ஒரு பைசா செலவில்லை!

ஷேர்டு ஹோஸ்டிங்கில் ஒரே சர்வரைப் பல தளங்கள் பங்கு போடுகின்றன. அவர்கள் 'அன்லிமிடெட்' என்பது பெரும்பாலும் சேமிப்பு இடத்தை. ரேம், பிராசஸர் ஆகியவற்றுக்கான வரம்பு நிபந்தனைகளில் பொடி எழுத்தில் இருக்கும். மூடிலின் பின்னணி வேலையான 'கிரான்' நிமிடத்துக்கு ஒருமுறை ஓட வேண்டும். அதற்கு அனுமதி உண்டா என்று கேட்டுவிட்டு பணம் கட்டுங்கள்.

விபிஎஸ் எடுத்தால் ரேம் உங்களுக்கென்று தனியாகக் கிடைக்கும். ஆனால் அப்டேட், பாதுகாப்பு எல்லாம் உங்கள் தலையில். பார்த்துக்கொள்ள ஆள் இல்லாத பள்ளிகள் இந்தப் பக்கம் போகாமல் இருப்பதே நல்லது. மூடில் நிறுவனமே நடத்தும் மூடில்கிளவுட்டில் பயனர் எண்ணிக்கைக்கு ஏற்ப கட்டணம் கட்டினால், சர்வர் பராமரிப்பை அவர்களே பார்த்துக்கொள்வார்கள்.

வீடியோவை அங்கே ஏற்றாதீர்கள்

நொடிக்கு 1 மெகாபிட் வேகத்தில் ஓடும் 10 நிமிட வீடியோ சுமார் 75 எம்பி. 40 பேர் பார்த்தால் 3 ஜிபி. யூடியூபில் 'அன்லிஸ்டட்' ஆக ஏற்றி, லிங்கை மட்டும் தளத்தில் கொடுத்தால் சர்வருக்கு சுமையில்லை. ஆனால் லிங்க் கிடைத்த யாரும் பார்க்கலாம் என்பதால் பிள்ளைகளின் முகம் தெரியும் வீடியோக்கள் வேண்டாம். 18 வயதுக்குட்பட்டவர்களின் தகவல்களைக் கையாள பெற்றோரின் ஒப்புதல் தேவை என்கிறது 2023-ம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம்.

யார் பெயரில் வாங்குவது?

கணினி தெரிந்த ஒரு இளம் ஆசிரியர் தன் மெயில் ஐடி, தன் கார்டு போட்டு டொமைன் வாங்குவார். இரண்டு வருடத்தில் வேறு வேலைக்குப் போய்விடுவார். புதுப்பிக்கும் நாளில் ஓடிபி அவர் போனுக்குப் போகும். தளம் மட்டுமல்ல, பள்ளியின் பெயரே கைநழுவலாம். அதனால் பள்ளியின் மெயில், பள்ளியின் போன் எண்ணில்தான் பதிவு செய்ய வேண்டும். டாட் இடியு டாட் இன் முகவரி வேண்டுமென்றால், அதைத் தருவது எர்நெட் இந்தியா.

இன்னொன்று, முதல் வருட சலுகை விலையைப் பார்த்து பட்ஜெட் போடாதீர்கள். புதுப்பிக்கும் விலை பல மடங்காக இருக்கலாம். அதன் மேல் 18 சதவீத ஜிஎஸ்டி வேறு.

நெட்டே சரியாக வராத ஊரா? 'கோலிப்ரி' என்ற இலவச மென்பொருளை பள்ளியில் உள்ள பழைய கணினியிலோ ராஸ்பெர்ரி பையிலோ போட்டுவிட்டால், அதே வைஃபையில் இருக்கும் பிள்ளைகள் இன்டர்நெட் இல்லாமலே பாடம் பார்க்கலாம். அதற்கு ஹோஸ்டிங் வாடகையே கிடையாது.