உருக்கின் வன்படை ஆழத்தை அழிவின்றி அளத்தல்

பற்சில்லு, அச்சுத்தண்டு முதலிய பொறியுறுப்புக்களின் மேற்பரப்பு தேய்வை எதிர்க்கும் வன்மையும், உள்ளகம் அதிர்ச்சியைத் தாங்கும் உரமும் உடையனவாதல் வேண்டும். இதன்பொருட்டு மேற்பரப்பில் மட்டும் வன்படையொன்று உண்டாக்கப்படுகின்றது. காபன் குறைந்த உருக்கிற்கு ஏறத்தாழ 900° ச. வெப்பநிலையில் காபனேற்றி விரைந்து குளிர்வித்தல் ஒரு முறை. மின்தூண்டலால் மேற்பரப்பை மட்டும் சூடாக்கிக் குளிர்வித்தல் மற்றொன்று. படை மெல்லிதாயின் சுமையின்கீழ் நசுங்கி உரியும். மிகத் தடித்ததாயின் உறுப்பு நொறுங்குமியல்பு பெறும்.

உறுப்பை வெட்டி, வெட்டுமுகத்தை மெருகிட்டு, விளிம்பிலிருந்து உள்நோக்கிப் படிப்படியாக வன்மையை அளத்தலே வழமையான முறையாகும். காபனேற்றிய உருக்கில் விக்கேர்ஸ் வன்மையெண் 550 ஆகக் குறையும் இடம் வரையுள்ள தூரமே படையின் ஆழமெனக் கொள்ளப்படும். ஆயின், இவ்வாறு அளக்கப்பட்ட உறுப்புப் பயன்படாது. பயன்படும் உறுப்போ அளக்கப்படாதது. இக்குறையை நீக்க இரு முறைகள் உதவுகின்றன.

முதலாவது சுழிப்போட்ட முறை. ஆடலோட்டம் பாயும் சுருளொன்றை உருக்கின் அருகே வைப்பின், உருக்கினுள் சுழிப்போட்டங்கள் தூண்டப்படும். வன்படை உள்ளகத்திலும் அரிதாகவே காந்தமாகும். ஆதலின் படையின் தடிப்பிற்கேற்பச் சுருளின் மின்னியல்பு மாறும். ஓட்டம் புகும் ஆழம் மீடிறனின் வர்க்கமூலத்திற்கு நேர்மாறானது. செக்கனுக்கு 50 சுற்றில் 3 மி.மீ. ஆழம் புகும் ஓட்டம், 5000 சுற்றில் 0.3 மி.மீ. மட்டுமே புகும். எனவே ஆழ்ந்த படைக்குத் தாழ்ந்த மீடிறன் வேண்டும்.

இரண்டாவது கழியொலி முறை. நுண்ணிய கட்டமைப்புடைய வன்படையில் ஒலியலை சிதறாது செல்லும். பருமணிகளையுடைய உள்ளகத்தை அடைந்ததும் சிதறி ஒரு பகுதி மீளும். குறுக்கலையின் வேகம் செக்கனுக்கு ஏறத்தாழ 3200 மீற்றர். ஆதலின் மீள்வதற்கு 2 மைக்குரோசெக்கன் ஆயின், அலை சென்ற வழியில் படையின் நீளம் 3.2 மி.மீ. ஆகும். அலை சாய்வாகச் செலுத்தப்படின், சாய்வுக்கோணத்தைக் கொண்டு ஆழத்தைக் கணிக்கலாம். எல்லை தெளிவாகவுள்ள, மின்தூண்டலால் வன்மையாக்கிய உறுப்புக்களுக்கே இது சிறந்தது. காபனேற்றிய படையில் மாற்றம் படிப்படியாக நிகழ்வதால் எதிரொலி தெளிவுறாது.

இவ்விரு கருவிகளும் வன்மையை நேரே அளப்பனவல்ல என்பது நினைவிற் கொள்ளத்தக்கது. உருக்கின் சேர்க்கை, வெப்பநிலை, எஞ்சிய தகைப்பு ஆகியனவும் சுழிப்போட்ட வாசிப்பை மாற்றும். ஆகவே, அதே உருக்கில் அதே வடிவிற் செய்த சில மாதிரிகளை வெட்டி அளந்து, அவற்றோடு ஒப்பிட்டே கருவியை அளவுகோடிடல் வேண்டும். உருக்கோ வெப்பப் பரிகரிப்போ மாறின், அளவுகோடிடலும் புதிதாகச் செய்யப்படல் வேண்டும். சிலவற்றை அழித்துப் பெற்ற அறிவே ஏனையவற்றை அழியாது அளக்க வழிசெய்கின்றது.