பிராங்க்பர்ட் அடுக்களை

கலை வரலாற்று நூல்கள் மாளிகைகளையும் இருக்கைகளையும் விரித்துரைக்கும். நாள்தோறும் புழங்கும் அடுக்களையைப் பற்றியோ நெடுங்காலம் வாளாவிருந்தன. அவ்விடுபாட்டை ஈண்டு ஒரு சான்றுகொண்டு ஆராய்வாம்.

முதல் உலகப்போருக்குப் பின் செருமானிய நகரங்களில் வீட்டுப் பஞ்சம் மிக்கது. பிராங்க்பர்ட்டில் ஏர்ன்ஸ்ட் மே என்பார் தலைமையில் எழுந்த புதிய குடியிருப்புகளுக்கென, வியன்னாவில் பிறந்த கட்டடக் கலைஞர் மார்கரெட்டே ஷூட்டே-லிஹோட்ஸ்கி (1897-2000) 1926இல் ஓர் அடுக்களையை வகுத்தார். அதன் அகலம் ஏறத்தாழ 1.9 மீட்டர், நீளம் 3.4 மீட்டர். சமைப்போர் நடக்கும் தொலைவும் செய்யும் வினைகளும் கணக்கிடப்பெற்றன. புகைவண்டி உணவுப்பெட்டியின் சமையலறை முன்மாதிரியாயிற்று. அரிசி, சர்க்கரை முதலியவற்றிற்கு அலுமினிய இழுப்பறைகள் அமைந்தன. மாவிற்கு மட்டும் புழு அணுகாதவாறு ஓக் மரம் தெரிந்தெடுக்கப்பெற்றது. இவ்வகை அடுக்களைகள் ஏறத்தாழ 10,000 கட்டப்பெற்றன.

அவர் பெண்ணாதலின் இல்லறப் பட்டறிவால் இதனை வகுத்தார் எனக் கருதத் தோன்றும். அது பொருந்தாது. அதற்குமுன் தாம் சமைத்ததே இல்லையென அவரே பின்னாளில் உரைத்துள்ளார். எனவே, இது முறையான ஆய்வின் பயனெனக் கொள்ளுதலே தகும்.

குறையும் உண்டு. ஒருவர் மட்டுமே நின்று வினைசெய்ய இடமிருந்தமையால், இல்லத்தரசி ஏனையோரினின்றும் பிரிக்கப்பட்டாள் எனப் பின்வந்தோர் கடிந்தனர். நிறையாயினும் குறையாயினும், ஓர் அறையின் அளவு பல்லாயிரவர் அன்றாட வாழ்வை வரையறுத்தது என்பது தெளிவு. ஆகலின், அடுக்களையை விடுத்த வடிவமைப்பு வரலாறு குறையுடையதே என்பது நம் துணிபு.