நூறு பந்துக்கு எத்தனை ரன்?

1953 அக்டோபர் முதல் தேதி ஆந்திர ராஜ்யம் உதயமாகும்வரை சென்னை ராஜ்யத்தின் ஜில்லாக்களுள் ஒன்றாக இருந்த சித்தூரிலும் அப்போது அதைச் சேர்ந்திருந்த திருப்பதியிலும், தெலுங்கும் தமிழும் ஒரே வீதியில் ஒலிக்கும் காரணத்தால், விசாகப்பட்டினத்துப் பிள்ளையையும் சென்னைப் பிள்ளையையும் ஒருசேரத் தம் பிள்ளைகளாகப் பாவிப்பது கிரிக்கெட் அபிமானிகளுக்கு இயல்பு. ஆகவே 2024 டிசம்பர் 28 அன்று ஆஸ்திரேலியாவுக்கு எதிரான மெல்போர்ன் டெஸ்ட் ஆட்டத்தில் விசாகப்பட்டினத்து நிதிஷ் குமார் ரெட்டியும் சென்னை வாஷிங்டன் சுந்தரும் எட்டாவது விக்கெட்டுக்குச் சேர்த்த 127 ரன்கள் இப்பகுதிக்கு இரட்டிப்பு சந்தோஷம் அளித்தவை. அந்த ஆட்டத்தில் சுந்தரின் ஸ்ட்ரைக் ரேட் 30.86 மட்டுமே. இந்த எண்ணை மட்டும் பார்த்து அவரை மந்தமான ஆட்டக்காரர் என்று தீர்மானிப்பவர், கணக்கை அறிந்தவரே அன்றி ஆட்டத்தை அறிந்தவர் ஆகமாட்டார்.

கணக்கு எளியது. எடுத்த ரன்களைச் சந்தித்த பந்துகளால் வகுத்து நூறால் பெருக்க வேண்டும். சுந்தர் 162 பந்துகளில் 50 ரன் எடுத்தார். 50-ஐ 162-ஆல் வகுத்து நூறால் பெருக்கினால் 30.86 வரும். எந்தப் பந்து கணக்கில் சேரும் என்பதில்தான் சிறிது கவனம் தேவை. வைடு பந்து ஆட்டக்காரர் சந்தித்ததாகக் கொள்ளப்படுவதில்லை. ஆனால் நோ-பால், ஓவரின் ஆறு பந்துகளில் ஒன்றாக எண்ணப்படாவிட்டாலும், ஆட்டக்காரர் சந்தித்த பந்தாகவே பதிவாகிறது. பை, லெக் பை ஆகியவற்றில் பந்து அவர் கணக்கில் ஏறும், ரன் ஏறாது.

வேறொரு பிழை சர்வசாதாரணமாக நேர்கிறது. 2018 மார்ச் 18 அன்று கொழும்பில் பங்களாதேஷுக்கு எதிராக நடந்த நிதாஹாஸ் கோப்பை இறுதி ஆட்டத்தில் தமிழ்நாட்டின் தினேஷ் கார்த்திக் 8 பந்துகளில் 29 ரன்னும் (362.50), விஜய் சங்கர் 19 பந்துகளில் 17 ரன்னும் (89.47) எடுத்தார்கள். இவ்விரு விகிதங்களையும் கூட்டிப் பாதியாக்கினால் ஏறத்தாழ 226 வருகிறது. உண்மையிலோ இருவரும் சேர்ந்து 27 பந்துகளில் 46 ரன் எடுத்தார்கள் என்பதால் சரியான விகிதம் 170.37. ஒரே ஆட்டக்காரரின் பல ஆட்டங்களைச் சேர்க்கும்போதும் ரன்களையும் பந்துகளையும் தனித்தனியே கூட்டிய பின்னரே வகுக்க வேண்டும்.

இனி அர்த்தத்துக்கு வருவோம். 2024 அக்டோபர் 9 அன்று டெல்லியில் பங்களாதேஷுக்கு எதிரான இருபது ஓவர் ஆட்டத்தில் நிதிஷ் 34 பந்துகளில் 74 ரன் குவித்தார். ஸ்ட்ரைக் ரேட் 217.65. மூன்று மாதம் நிறைவதற்குள் மெல்போர்னில் அவரே 189 பந்துகளில் 114 ரன் எடுத்தபோது அது 60.32. மனிதர் மாறவில்லை, அவர் முன்னிருந்த பற்றாக்குறை மாறியது. இருபது ஓவர் ஆட்டத்தில் ஓர் அணிக்கு உள்ளவை 120 பந்துகள், இழக்கக்கூடியவையோ பத்து விக்கெட்டுகள். அங்கே அருமையானது பந்து, அதை வீணாக்குவதே குற்றம். டெஸ்ட் ஆட்டத்தில் பந்துகளுக்குக் குறைவில்லை, விக்கெட்டுகளுக்கே குறைவு. ஆஸ்திரேலியாவின் 474 ரன்னுக்குப் பதிலாக இந்தியா 221 ரன்னில் ஏழு விக்கெட்டுகளை இழந்து, ஃபாலோ-ஆன் தவிர்க்க 275 எட்ட வேண்டிய சந்தர்ப்பத்தில் உள்ளே வந்த சுந்தர், ஒரே ஒரு பவுண்டரியுடன் 162 பந்துகளை எதிர்கொண்டு நின்றார் என்றால், அவர் செலவிட்டது அணியிடம் தாராளமாக இருந்த பொருள், காத்தது அருகிப்போன பொருள். அந்த நிதானம் இல்லாவிடில் நிதிஷின் சதத்துக்கே அவகாசம் கிட்டியிராது என்பது என் அபிப்பிராயம்.

இதற்கு நேர்மாறான உதாரணமும் நம் சரித்திரத்தில் உண்டு. 1975 ஜூன் 7 அன்று லார்ட்ஸ் மைதானத்தில், சென்னை வெங்கட்ராகவன் தலைமையில் இந்தியா ஆடிய முதல் உலகக் கோப்பை ஆட்டத்தில், இங்கிலாந்து 60 ஓவரில் 334 ரன் எடுக்க, சுனில் கவாஸ்கர் 174 பந்துகள் ஆடி 36 ரன்னுடன் ஆட்டமிழக்காமல் நின்றார். ஸ்ட்ரைக் ரேட் 20.69. இந்தியா எடுத்தது 132, இழந்தது மூன்றே விக்கெட்டுகள். ஏழு விக்கெட்டுகள் பயன்படாமல் மிஞ்ச, பந்துகள் தீர்ந்துபோயின. சுந்தரைப் புகழ்வதற்கும் அந்த ஆட்டத்தைக் குறைகூறுவதற்கும் ஆதாரமான நியாயம் ஒன்றே.

இன்னொரு அளவுகோலும் உண்டு. அது சக ஆட்டக்காரர்களோடு ஒப்பிடுவது. 1983 ஜூன் 25 அன்று அதே லார்ட்ஸில் நடந்த உலகக் கோப்பை இறுதி ஆட்டத்தில் சென்னை ஸ்ரீகாந்த் 57 பந்துகளில் 38 ரன் எடுத்தார். 66.67 என்ற அந்த விகிதம் இன்றைய இளைஞர்களுக்கு அற்பமாகத் தோன்றக்கூடும். ஆனால் இந்தியா 54.4 ஓவரில், அதாவது 328 பந்துகளில், எடுத்த மொத்த ரன் 183. உதிரி ரன்களையும் சேர்த்தே நூறு பந்துக்கு 55.79. இரு அணிகளிலும் அன்று ஒருவர்கூட அந்த 38-ஐத் தாண்டவில்லை. எதிரணியான மேற்கிந்தியத் தீவுகள் 140 ரன்னில் வீழ்ந்தது.