ஓட்ஸ் குக்கி

ஓட்ஸ் குக்கி என்பது ஓட்ஸ், மைதா, சர்க்கரை, வெண்ணெய், முட்டை ஆகியவற்றைக் கலந்து ஓவனில் சுட்டெடுக்கப்படும் சிறிய, தட்டையான இனிப்புத் தின்பண்டம் ஆகும். வட அமெரிக்காவில் இது பரவலாக உண்ணப்படுகிறது. உலர்திராட்சையும் இலவங்கப்பட்டைத் தூளும் சேர்த்துச் செய்வதே அங்கு பெருவழக்கு. கடைகளில் பொதிகளாகக் கிடைத்தாலும் இது இன்றும் ஒரு வீட்டுப் பலகாரமாகவே கருதப்படுகிறது. பாட்டியோ தாயோ கைப்பட எழுதி வைத்த செய்முறை அட்டை ஒன்று தலைமுறை தலைமுறையாகக் கைமாறி வருவதுண்டு. அட்டையில் உள்ளபடியே செய்தும் பழைய குக்கி வரவில்லை என்ற குறையும் அக்குடும்பங்களில் பொதுவானது. இக்குறைக்குக் காரணம் பெரும்பாலும் கைப்பக்குவம் அன்று. அட்டையில் எழுதப்படாமல் விடப்பட்ட அளவுகளும் பொருள்களுமே.

வரலாறு

ஓட்ஸ் குளிர்ந்த, ஈரமான தட்பவெப்பத்தில் நன்கு விளையும் தானியம். கோதுமை எளிதில் விளையாத இசுக்காட்லாந்தில் அது அன்றாட உணவாக இருந்தது. இங்கிலாந்தில் குதிரைகளுக்கு இடப்படும் தானியம் இசுக்காட்லாந்தில் மக்களைத் தாங்குகிறது என்று சாமுவேல் ஜான்சன் 1755 இல் வெளிவந்த தமது அகராதியில் குத்தலாகக் குறித்துள்ளார். ஓட்ஸ் மாவைப் பிசைந்து, தட்டையான இரும்புக் கல்லில் சுடும் 'ஓட்கேக்' என்னும் இசுக்காட்லாந்து அடை, குக்கியின் மூதாதை எனலாம். ஆனால் அதில் சர்க்கரையோ முட்டையோ இல்லை.

அமெரிக்காவிலும் 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை ஓட்ஸ் பெரும்பாலும் கால்நடைத் தீவனமாகவே இருந்தது. ஓகையோ மாநிலத்தின் ஆக்ரன் நகரில் ஆலை நடத்திய செருமானியக் குடியேறியான பெர்டினாண்டு சூமாக்கர் அதனை மனித உணவாக விற்கத் தொடங்கியவர்களுள் முதன்மையானவர். அதே மாநிலத்தில் 1877 இல் 'குவேக்கர்' என்னும் வணிகக்குறி பதிவு செய்யப்பட்டது. பல ஆலைகள் இணைந்து 1901 இல் குவேக்கர் ஓட்ஸ் நிறுவனம் உருவாயிற்று.

பாஸ்டன் சமையற் பள்ளியைச் சேர்ந்த ஃபேனி ஃபார்மர் 1896 இல் வெளியிட்ட சமையல் நூலில் ஓட்ஸ் குக்கிக்கான செய்முறை உள்ளது. அதில் ஓட்ஸைவிட மைதாவே அதிகம்; இன்றைய குக்கியுடன் ஒப்பிட்டால் அது வேறொரு பண்டம் என்றே சொல்ல வேண்டும். கோப்பையையும் கரண்டியையும் தலைதட்டி அளக்க வேண்டும் என்று வலியுறுத்தியதால் இந்நூல் பெயர் பெற்றது. முதல் உலகப்போரில் அமெரிக்கா 1917 இல் இறங்கியபோது, கோதுமையைச் சேமிக்கும்படி அந்நாட்டு அரசு மக்களைக் கேட்டுக்கொண்டது. ஓட்ஸ், சோளம், பார்லி ஆகியவற்றால் பலகாரம் செய்யும் பழக்கம் அப்போது வீடுகளில் வலுப்பெற்றது.

குடும்பச் செய்முறையின் மூலம்

ஓட்ஸ் நிறுவனங்கள் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கம் முதலே தமது பெட்டிகளில் செய்முறைகளை அச்சிட்டு வந்தன. குடும்ப இரகசியம் என்று போற்றப்படும் பல அட்டைகள், ஆராய்ந்தால், இப்பெட்டிகளிலிருந்து படியெடுக்கப்பட்டவையாகவே இருக்கின்றன. 'ஃபிரெண்ட்ஸ்' தொலைக்காட்சித் தொடரில் 2000 ஆம் ஆண்டில் ஒளிபரப்பான ஒரு பகுதி, சாக்கலேட் குக்கியை வைத்து இதனை நகைச்சுவையாக்கியது. இதனால் அட்டையின் மதிப்புக் குறைவதில்லை. ஓரத்தில் குறிக்கப்பட்ட திருத்தங்கள், 'திராட்சைக்குப் பதில் பேரீச்சை', 'ஒரு நிமிடம் முன்பே எடுக்கவும்' போன்றவை, அக்குடும்பத்தினுடையவையே.

சேர்பொருட்கள்

வழக்கமான வீட்டுச் செய்முறை ஒன்றில் வெண்ணெய் 225 கிராம், பழுப்புச் சர்க்கரை 220 கிராம், வெள்ளைச் சர்க்கரை 100 கிராம், முட்டை 2, மைதா 190 கிராம், அவல் வடிவ ஓட்ஸ் 270 கிராம், உலர்திராட்சை 150 கிராம் இடம்பெறும். இவற்றுடன் ஒரு தேக்கரண்டி சமையல் சோடா (ஆப்ப சோடா), ஒரு தேக்கரண்டி இலவங்கப்பட்டைத் தூள், அரைத் தேக்கரண்டி உப்பு, சிறிது வனிலாச் சாறு ஆகியவை சேரும். இவ்வளவில் ஏறத்தாழ 48 சிறு குக்கிகள் கிடைக்கும்.

செய்முறை

அறை வெப்பநிலையில் இளகிய வெண்ணெயையும் இருவகைச் சர்க்கரைகளையும் நிறம் வெளுக்கும் வரை அடிக்க வேண்டும். அப்போது சர்க்கரைப் படிகங்கள் வெண்ணெயினுள் சிறு காற்றறைகளை உண்டாக்குகின்றன. வெண்ணெய் உருகியிருந்தால் இக்காற்று நிற்காது. பின்னர் முட்டையும் வனிலாவும், அதன்பின் சலித்த மைதா, சோடா, உப்பு, இலவங்கப்பட்டைத் தூள் ஆகியவையும், இறுதியில் ஓட்ஸும் திராட்சையும் சேர்க்கப்படும். மைதா சேர்ந்தபின் அதிகம் கிளறினால் பசையம் உருவாகிக் குக்கி கடினமாகும்.

கலவையை அரைமணி நேரமாவது குளிர்பதனப் பெட்டியில் வைப்பது நல்லது. ஓட்ஸ் ஈரத்தை உறிஞ்ச இந்த இடைவெளி தேவை. பின்னர் சிறு உருண்டைகளாகத் தட்டில் இடைவெளிவிட்டு வைத்து, 175 முதல் 180 பாகை செல்சியசில் 10 முதல் 12 நிமிடம் சுட வேண்டும். ஓரம் பொன்னிறமாகி, நடுப்பகுதி சற்றே வேகாதது போல் தோன்றும்போதே வெளியே எடுத்துவிட வேண்டும். சூடான தட்டிலேயே சில நிமிடம் இருக்கும்போது நடுப்பகுதி வெந்து முடியும். முற்றிலும் வெந்ததாகத் தோன்றும் வரை காத்திருந்தால், ஆறியபின் கிடைப்பது கல் போன்ற குக்கியே.

சுடும்போது நிகழும் மாற்றங்கள்

ஓவனின் வெப்பத்தில் முதலில் வெண்ணெய் உருகிக் கலவை பரவுகிறது. பழுப்புச் சர்க்கரையில் உள்ள வெல்லப்பாகு சற்று அமிலத்தன்மை உடையது. அது சோடாவுடன் வினைபுரிந்து கார்பன் டை ஆக்சைடை வெளியிடுவதால் குக்கி உப்புகிறது. அதே வெல்லப்பாகு ஈரத்தைப் பிடித்து வைப்பதால் குக்கி மென்மையாக இருக்கிறது. வெள்ளைச் சர்க்கரை கூடினால் பரவலும் மொறுமொறுப்பும் கூடும்.

பொன்னிறமும் மணமும் மெயிலார்டு வினையால் தோன்றுகின்றன. அமினோ அமிலங்களும் சில சர்க்கரைகளும் வெப்பத்தில் வினைபுரிவதே இது. பிரெஞ்சு வேதியியலாளர் லூயி கமிய் மெயிலார்டு இதனை 1912 இல் விளக்கினார். காரத்தன்மையில் இவ்வினை விரைவடையும் என்பதால், சோடா கூடினால் குக்கி விரைவில் கறுத்துவிடும்; சோப்புப் போன்ற சுவையும் ஏறும்.

அட்டை சொல்லாதவை

பழைய அட்டைகளில் மாவு 'ஒன்றரைக் கோப்பை' என்றே இருக்கும். கரண்டியால் மெல்ல நிரப்பித் தலைதட்டினால் ஒரு கோப்பை மைதா சுமார் 120 கிராம். பொதிக்குள் கோப்பையை அழுத்தி அள்ளினால் 150 கிராம் வரை வரும். ஒன்றரைக் கோப்பைக்கு 45 கிராம் வேறுபாடு ஏற்படுகிறது. ஒரே அட்டையைப் பார்த்து ஒருவர் மெல்லிய குக்கியும் மற்றவர் உருண்டைக் குக்கியும் செய்வதற்கு இது ஒன்றே போதும்.

கொழுப்பு அதைவிட முக்கியமானது. கிரிஸ்கோ 1911 இல் விற்பனைக்கு வந்தபின் பல வீடுகளில் வெண்ணெய்க்குப் பதிலாக வனஸ்பதி போன்ற கெட்டியான தாவரக் கொழுப்பு புழங்கியது. இரண்டாம் உலகப்போரில் வெண்ணெய் பங்கீட்டுக்கு உள்ளானபோது இவ்வழக்கம் மேலும் பெருகியது. வெண்ணெயில் கொழுப்பு சுமார் 80 விழுக்காடுதான். எஞ்சியதில் பெரும்பகுதி நீர். தாவரக் கொழுப்பில் நீர் இல்லை. அது உருகும் வெப்பநிலையும் உயர்வு. எனவே பாட்டியின் குக்கி பரவாமல் தடித்து நின்றது. பேரன் அதே அளவில் வெண்ணெய் சேர்க்கும்போது, சுவை கூடினாலும், குக்கி தட்டெங்கும் பரவிவிடுகிறது.

'ஓட்ஸ்' என்னும் சொல்லும் ஒரே பொருளைக் குறிப்பதில்லை. உமி நீக்கிய மணியை ஆவியில் வேகவைத்து உருளைகளுக்கிடையே நசுக்கியது அவல் வடிவ ஓட்ஸ். இவ்வாறு வேகவைப்பதால் கொழுப்பைச் சிதைக்கும் நொதி செயலிழந்து ஓட்ஸ் கசக்காமல் நெடுநாள் இருக்கும். மேலும் சிறிதாக வெட்டி நசுக்கிய விரைவு ஓட்ஸ் ஈரத்தை வேகமாக உறிஞ்சும். குக்கி மெத்தென்று, சீரான அமைப்புடன் வரும். வெறுமனே வெட்டிய மணிகளைச் சேர்த்தால் 12 நிமிடத்தில் அவை வேகா.

உணவு மதிப்பும் எச்சரிக்கையும்

ஓட்ஸில் உள்ள பீட்டா குளுக்கான் என்னும் கரையும் நார்ப்பொருள் நாளொன்றுக்கு 3 கிராம் உட்கொள்ளப்பட்டால் இதயநோய் இடர் குறையக்கூடும் என்று பொதிகளில் குறிப்பிட அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 1997 இல் இசைவளித்தது. இதைக் கொண்டு ஓட்ஸ் குக்கியை உடல்நல உணவாகக் கொள்வது பொருந்தாது. மேற்கண்ட அளவின்படி அந்த 3 கிராமைப் பெறச் சுமார் 13 குக்கிகள் வேண்டும். அவற்றுடன் ஏறத்தாழ 90 கிராம் சர்க்கரையும் உள்ளே போகும்.

வேகாத கலவையைச் சுவைத்துப் பார்ப்பது குழந்தைகளுக்குப் பிடித்த வழக்கம் எனினும் தவிர்க்க வேண்டியது. பச்சை முட்டையில் சால்மோனெல்லா இருக்கக்கூடும். மைதாவும் கிருமி நீக்கப்பட்ட பொருளன்று. 2016 இல் அமெரிக்காவில் ஈ. கோலை நோய்ப்பரவல் ஒன்று பச்சை மாவுடன் தொடர்புடையதாகக் கண்டறியப்பட்டது. பசைய ஒவ்வாமை நோய் உள்ளவர்களுக்கு, மைதாவை விலக்குவது மட்டும் போதாது. சாதாரண ஓட்ஸ் வயலிலும் ஆலையிலும் கோதுமையுடன் கலக்க வாய்ப்புள்ளதால், பசையமற்றது என்று சான்றளிக்கப்பட்ட ஓட்ஸையே அவர்கள் பயன்படுத்த வேண்டும். ஓட்ஸின் சொந்தப் புரதமான அவெனினும் அவர்களுள் சிலருக்கு ஒத்துக்கொள்வதில்லை.