ஒரே அறையில் பலருக்கு: ஏழைக்கும் எட்டும் ஊசி வைத்தியம்

நாரிப்பிடிப்பு, முழங்கால் நோவு, ஒற்றைத் தலைவலி. இவற்றைச் சுமந்துகொண்டே சமைத்து, துவைத்து, பிள்ளைகளைப் பாடசாலைக்கு அனுப்பும் சகோதரிகள் எத்தனை பேர்! “வீண் செலவு எதற்கு?” என்று நோவை மறைப்போரும் நம்மிடையே உண்டு.

மயிரளவு மெல்லிய ஊசிகளைக் குத்திச் செய்யும் அக்குபங்சர், சீனாவில் தோன்றிய பழைய வைத்திய முறை. நம் நாட்டுக்கும் இது புதிதல்ல. களுபோவில அரசாங்க வைத்தியசாலையில் டொக்டர் அன்ரன் ஜயசூரிய பல ஆண்டுகள் இச்சிகிச்சையை நடத்தி வந்தார்.

ஆனால் அமெரிக்காவில் இது வசதியுள்ளோரின் வைத்தியமாகவே இருந்தது. தனியறை, ஒரு நேரத்தில் ஒரு நோயாளி, பெருந்தொகைக் கட்டணம். பழைய நோவுக்கு ஒரு தடவை குத்தினால் போதாது. கிழமைக்கு ஒரு தடவையோ இரு தடவையோ வர வேண்டும். கூலி வேலை செய்பவர் எங்கே போவார்?

இதற்கு வழி கண்டவர்கள் லீசா ரோலடரும் ஸ்கிப் வான் மீட்டரும். 2002 இல் ஒரேகன் மாநிலத்தின் போர்ட்லண்ட் நகரில் உழைக்கும் மக்களுக்கென ஒரு சிகிச்சை நிலையத்தைத் தொடங்கினார்கள். பெரிய அறையொன்றில் வரிசையாகச் சாய்மனைக் கதிரைகள். ஊசி குத்தியபின் நோயாளி அரை மணித்தியாலமோ கூடவோ ஓய்ந்திருக்க, வைத்தியர் அடுத்தவரிடம் போகிறார். ஒரு மணித்தியாலத்தில் பலரைப் பார்க்க முடிவதால் கட்டணம் குறைகிறது. ஆரம்பத்தில் 15 முதல் 35 டொலர் வரை; எவ்வளவு கொடுப்பது என்பதை நோயாளியே தீர்மானிக்கலாம். வருமானச் சான்று கேட்பதில்லை. இம்முறையைப் பரப்ப 2011 இல் கூட்டுறவுச் சங்கமொன்றும் உருவானது.

சகோதரிகளே, இதில் நமக்குப் பிடித்தமான இன்னொன்றும் உண்டு. ஆடை களைய வேண்டியதில்லை. முழங்கைக்குக் கீழும், முழங்காலுக்குக் கீழும், தலையிலும் காதிலுமே பெரும்பாலும் ஊசி குத்துகிறார்கள். பெண் வைத்தியரும் பெண்களுக்கென ஒரு நாளும் இருந்தால் நம் வீட்டுப் பெண்களும் தயங்காமல் போகலாம். ஊர்ச் சங்கங்களும் மாதர் அமைப்புகளும் ஒரு மண்டபத்தையும் பத்துக் கதிரைகளையும் ஒழுங்கு செய்தால், தகுதி பெற்ற வைத்தியர் ஒருவரை அழைப்பது பெரிய காரியமா?

இது எல்லா நோய்க்கும் மருந்தல்ல. நாள்பட்ட முதுகு, கழுத்து, முழங்கால் நோவு, தலைவலி ஆகியவற்றுக்குப் பயன் தருவதாக, ஏறத்தாழ 21,000 நோயாளர்கள் பங்குகொண்ட 39 ஆய்வுகளைத் தொகுத்து 2018 இல் வெளியான அறிக்கை கூறுகிறது. போலி ஊசிச் சிகிச்சையோடு ஒப்பிடும்போது அந்தப் பயன் சிறிதுதான் என்பதையும் அதுவே சொல்கிறது.

ஆகவே கவனம் தேவை. வைத்தியர் பதிவு பெற்றவரா என்று கேளுங்கள். ஒரு தடவை மட்டும் பாவித்து வீசும் ஊசியை உங்கள் கண்முன்னே பிரிக்கச் சொல்லுங்கள். கர்ப்பிணியாயின், அல்லது இரத்தம் உறையாதிருக்க மருந்து எடுப்பவராயின் முன்கூட்டியே சொல்லுங்கள். நெஞ்சு நோவு, திடீர் பலவீனம், காய்ச்சலோடு வரும் நோவு என்றால் ஊசியைத் தேடாமல் உடனே வைத்தியசாலைக்குச் செல்லுங்கள். சீனி, பிரஷர் குளிசைகளை நீங்களாக நிறுத்திவிடவும் வேண்டாம்.

நோவைப் பொறுத்துக்கொள்வது பெண்ணின் கடமையல்ல. குடும்பத்தைத் தாங்கும் முதுகுக்கும் மருந்து வேண்டுமல்லவா?