கோழிக்குஞ்சின் நிறமும் அடைச்சூடும்

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி முதலிய இடங்களில் வீடுகள் பெருகிவிட்டன. ஆயினும் கொல்லையில் கோழி வளர்ப்போர் இன்றும் உளர். பொறிக்குஞ்சு வாங்குகையில் மஞ்சள் அடர்ந்ததை உயர்ந்ததென்றும், வெளிறியதை இன்குபேட்டரின் சூட்டால் நிறமிழந்ததென்றும் சிலர் கருதுவதுண்டு. இதில் பாதியே உண்மை. மற்றப் பாதியால் பணம் வீணாகிறது.

குஞ்சின் நிறம் கருத்தரிக்கும்போதே தாய் தந்தையரால் அமைந்துவிடுகிறது. இமாலய முயலுக்குக் குளிர்பட்ட இடத்தில் உரோமம் கறுக்கும். கோழிக்கு அத்தன்மை இல்லை. ரோட் ஐலண்டு ரெட் சேவலைக் கோடிட்ட பிளிமத் ராக் பெட்டையுடன் சேர்த்தால், சேவற்குஞ்சின் தலையில் வெண்புள்ளி தோன்றும். பெட்டைக்குஞ்சுக்கு அது இராது. எந்தச் சூட்டாலும் இப்புள்ளி மாறாது. நாட்டுக்கோழியின் ஒரே அடையில் பல நிறக் குஞ்சுகள் வருவதும் கலப்பினாலேயன்றிப் பொறியின் பிழையன்று.

ஆனால் தூவியின் பொலிவு அடைகாப்பைப் பொறுத்தது. காற்றோட்ட விசிறியுள்ள பொறியில் உஷ்ணம் 99½ முதல் 100 டிகிரி பாரன்ஹீட் வரையிலும், ஈரப்பதம் 18-ஆம் நாள் வரை 55 முதல் 60 சதவீதமும், பின்னர் 65 முதல் 70 சதவீதமும் இருத்தல் வேண்டும். கத்திரி வெயிலில் கடற்காற்று எழுமுன் இப்பகுதிகளில் அறையின் உஷ்ணமே 100 டிகிரியைத் தாண்டுவதுண்டு. பொறிக்குச் சூடேற்றத் தெரியுமேயன்றிக் குளிர்விக்கத் தெரியாது. அப்பொழுது குஞ்சுகள் 21-ஆம் நாளுக்கு முன்பே வெளிவரும். உடல் சிறுத்து, தூவி குட்டையாகி, தொப்புள் மூடாதிருக்கும். ஈரம் குறைந்தாலோ தூவி ஓட்டில் ஒட்டும், கால் உலர்ந்து சுருங்கும். பொறியைக் காற்றோட்டமுள்ள குளிர்ந்த அறையில் வைப்பதே இதற்குப் பரிகாரம். உச்சிவேளையில் உஷ்ணமானியைப் பார்க்க மறத்தலாகாது.

அடர்ந்த மஞ்சளைக் கண்டு மயங்குதல் இதற்கு நேர்மாறான பிழை. குஞ்சு பொரிக்கும் அறையில் கிருமி ஒழியப் பார்மலின் புகையிடும் வழக்கம் உண்டு. அப்புகை தூவியை ஆழ்ந்த மஞ்சளாக்கும். அளவு மிஞ்சினால் குஞ்சின் மூச்சுக்குழலைப் புண்ணாக்கும். அந்நிறத்துக்காக அதிக விலை கொடுப்பது புகைக்குக் கொடுப்பதேயாகும்.

வாங்குவோர் குஞ்சைக் கையிலெடுத்துத் திருப்பித் தொப்புள் நன்கு மூடியுள்ளதா, கால் ஈரப்பசையுடன் மின்னுகிறதா, கண் தெளிந்துள்ளதா என்று பார்க்க. மல்லாக்க வைத்தால் தானே துள்ளி எழ வேண்டும். பொறியைப் பற்றிய ஐயங்களை மாதவரத்திலுள்ள கோழியின ஆராய்ச்சி நிலையத்தில் கேட்டறியலாம். அம்பத்தூரிலிருந்து அது தொலைவன்று.